கோடு கிழித்தவர் யார்?

ஒரே ஊர், ஒரே அரசு, ஒரே சட்டம். பள்ளிகள் மட்டும் இரு வேறு உலகங்கள்! இது எப்படி நேர்ந்தது என்பதை, அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரையொட்டிய பெர்குசன்–ஃபிளாரிசன்ட் பள்ளி மாவட்டத்தின் வரலாறு காட்டுகிறது.

அங்கே பள்ளி மாவட்டம் என்பது ஒரு சிற்றரசு. அதற்கென எல்லை உண்டு. சொத்து வரி உண்டு. மக்கள் தேர்ந்தெடுக்கும் குழு உண்டு. எல்லைக்குள் செல்வம் இருந்தால் பள்ளி செழிக்கும், இல்லையேல் வாடும். ஆகவே, கோடு கிழிப்பவன் கையில் இருப்பது வெறும் எழுதுகோலன்று, குழந்தைகளின் எதிர்காலம்!

கறுப்பின மக்களுக்கு எழுத்தறிவிப்பதே குற்றம் என்று 1847-ஆம் ஆண்டில் சட்டம் செய்தது மிசௌரி மாநிலம். அடிமைமுறை ஒழிந்தபின் பள்ளி வந்தது. ஆனால் தனிப்பள்ளியாகவே வந்தது. கின்லாக் என்ற புறநகரில் 1902-இல் பள்ளி மாவட்டம் அமைந்தது. அங்கே கறுப்பின மக்கள் பெருகவே, வெள்ளையர் 1937-இல் பெர்க்லி என்ற நகரை உண்டாக்கித் தமக்கெனப் பள்ளி மாவட்டமும் அமைத்துப் பிரிந்து போயினர். கின்லாக்குக்கு மிஞ்சியது வறுமை.

நிறத்தால் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாதென 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பலன்? கின்லாக்கில் ஒன்றுமில்லை! பூட்டு உடைந்தது; சுவர் நின்றது. எல்லைக்கோடே அந்தச் சுவர். 1975-இல் நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே கின்லாக், பெர்க்லி, பெர்குசன்–ஃபிளாரிசன்ட் ஆகிய மூன்றும் ஒன்றாயின.

அத்துடன் முடிந்ததா கதை? இல்லை. 2014-இல் அம்மாவட்டத்தின் மாணவர்களுள் நூற்றுக்கு 77 பேர் கறுப்பினத்தவர். குழுவிலிருந்த எழுவருள் கறுப்பினத்தவரோ ஒருவரே! வாக்காளருள் இரு இனத்தாரும் ஏறத்தாழச் சரிபாதி. ஆயினும், மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதியாக இருந்தமையால், ஒற்றுமையாக வாக்களித்த வெள்ளையரே பெரும்பாலான இடங்களைப் பெற்றனர்.

கறுப்பின மக்கள் வழக்குத் தொடுத்தனர். இம்முறை வாக்குரிமைச் சட்டத்துக்கு முரணானது என 2016-இல் தீர்ப்பாயிற்று. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2019 ஏப்ரலில் புதுமுறைத் தேர்தல் நடந்தது: எத்தனை இடங்களோ அத்தனை வாக்குகள்; வேண்டுமாயின் அனைத்தையும் ஒருவருக்கே அளிக்கலாம்.

1847-இல் மறுக்கப்பட்டது எழுத்து; 1937-இல் மறுக்கப்பட்டது பணம்; பின்னர் மறுக்கப்பட்டது நாற்காலி. ஆதிக்கம் ஒரு வாயிலில் விரட்டப்பட்டால் மறு வாயிலில் நுழைகிறது. பள்ளிக்கதவு திறந்துவிட்டதென மகிழும் நாம், சாவி யாரிடம் உள்ளதென்றும் கேட்டாக வேண்டும்.