ஆர்.சி., சி.எஸ்.ஐ. – ஞானஸ்நானம் ஒன்றா, இரண்டா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

இராஜபாளையத்தில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி கேட்ட கேள்விதான் இதை எழுதக் காரணம். அவள் சி.எஸ்.ஐ. சபை. மகளுக்கு ஆர்.சி. குடும்பத்தில் மாப்பிள்ளை பேசியிருக்கிறார்கள். எல்லாம் கூடிவந்த நேரத்தில் மாப்பிள்ளை வழியில் ஒரு பெரியவர், "பொண்ணுக்கு முதல்ல நம்ம கோயில்ல ஞானஸ்நானம் கொடுக்கணும், அப்புறம் மத்ததப் பேசலாம்" என்றிருக்கிறார். "அப்படின்னா எம் பொண்ணு இத்தன வருஷமா கிறிஸ்தவளே இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள். குரல் உடைந்துவிட்டது.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் சொந்தத்தில் சி.எஸ்.ஐ.யும் உண்டு, பெந்தெகொஸ்தேயும் உண்டு. எனவே இது எனக்குப் புத்தக விஷயம் மட்டும் இல்லை. ஆனாலும் வரலாற்றைத் தள்ளி நின்று பார்த்தால்தான் அந்தப் பெரியவர் சொன்னது எங்கிருந்து வந்தது என்றும், அது சரியா என்றும் புரியும்.

இந்து மாணவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில் தேர் பார்க்க ஒன்றாகப் போன பிள்ளைகள் நீங்கள். உங்களுக்கு நாங்கள் எல்லாரும் 'வேதக்காரங்க'தான். உள்ளே வந்து பார்த்தால்தான் பிரிவு தெரியும். ஆர்.சி. என்றால் ரோமன் கத்தோலிக்கர். ரோமில் இருக்கும் பாப்பரசரைத் தலைவராகக் கொண்டவர்கள். சி.எஸ்.ஐ. என்றால் தென்னிந்தியத் திருச்சபை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஆங்கிலிகன், மெதடிஸ்ட் முதலான சபைகள் ஒன்றுசேர்ந்து உருவானது. நம் பக்கத்து ஊர்களில் ஒரு பள்ளிக்கு 'ஆர்.சி. பள்ளி' என்றும் இன்னொன்றுக்கு 'டி.டி.டி.ஏ. பள்ளி' என்றும் பெயர் இருப்பதன் காரணமும் இதுதான். டி.டி.டி.ஏ. என்பது திருநெல்வேலி சி.எஸ்.ஐ. திருமண்டலத்தின் அறக்கட்டளை. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த வட்டாரத்துக்கு முதலில் வந்தவர்கள் கத்தோலிக்கக் குருக்கள். 1606-இல் இராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தார். அந்த மதுரை மிஷனின் பழைய மையங்களில் ஒன்று, கோவில்பட்டி பக்கத்துக் காமநாயக்கன்பட்டி. ஆகஸ்ட் 15 பரலோக மாதா திருவிழாவுக்கு நம் ஊர்களிலிருந்தும் ஆட்கள் போவார்களே, அதே ஊர்தான். தமிழுக்குத் தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த வீரமாமுனிவரும் அங்கே பணி செய்திருக்கிறார்.

நூறு ஆண்டு கழித்து, 1706-இல், சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவர் லுத்தரன். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுக் கொடுத்தார். அதை வாசித்த கத்தோலிக்கர் சிலர் அந்தப் பக்கம் போனார்கள். உடனே மோதல் தொடங்கியது. நாம் பாடப்புத்தகத்தில் போற்றிப் படித்த வீரமாமுனிவரே 'வேத விளக்கம்', 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' என்று லுத்தரன்களை மறுத்து நூல்கள் எழுதினார். 'பேதகம்' என்றால் பிரித்துக் கெடுப்பது. அந்தக் காலக் கத்தோலிக்கப் புத்தகங்களில் மற்ற சபையாருக்குப் 'பதிதர்' என்று பெயர். நெறி தவறி விழுந்தவர் என்று பொருள். அந்தப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. கத்தோலிக்கர் சுரூபத்தை வணங்குகிறவர்கள், வேதத்தை வாசிக்கவிடாதவர்கள் என்று பதிலுக்கு எழுதினார்கள்.

நம் ஊர்ப் பக்கம் சீர்திருத்த சபை ஊன்றியது அதற்கும் பின்னால். சி.எம்.எஸ். மிஷனரி தாமஸ் ராக்லண்ட், கேம்பிரிட்ஜில் படித்தவர், 1854-இல் வட திருநெல்வேலிக்கு வந்தார். ஓரிடத்தில் பங்களா கட்டி உட்காராமல் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். நான்கே ஆண்டுகளில், 1858 அக்டோபர் 22 அன்று, சிவகாசியில் இறந்துபோனார். பிறகு சாட்சியாபுரம் போன்ற ஊர்கள் அந்தச் சபையின் மையங்களாயின. ஆக, ஒரே கரிசல் காட்டில் இரண்டு மிஷன்கள். இரண்டுக்கும் பள்ளிகள், இரண்டுக்கும் உபதேசிமார், இரண்டுக்கும் கல்லறைத் தோட்டம். ஓர் ஊர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற போட்டி இருக்கத்தான் செய்தது.

இந்தப் போட்டி பிள்ளைகளின் பெயர் வரைக்கும் வந்தது. வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடும்போது எனக்கு இது வேடிக்கையாக இருக்கும். 'சின்னப்பன்' என்றால் ஆர்.சி., 'பவுல்' என்றால் சி.எஸ்.ஐ. இருவரும் ஒரே புனிதரின் பெயரைச் சுமக்கிறவர்கள்! பவுலுஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குச் 'சிறியவர்' என்று பொருள். கத்தோலிக்கர் பொருளை எடுத்துச் 'சின்னப்பர்' என்றார்கள், மற்றவர்கள் ஒலியை எடுத்துப் 'பவுல்' என்றார்கள். அருளப்பரும் யோவானும் ஒருவர். முடியப்பரும் ஸ்தேவானும் ஒருவர். இராயப்பரும் பேதுருவும் ஒருவர். இயேசுவையே ஒரு தெருவில் 'சேசுநாதர்' என்றும் அடுத்த தெருவில் 'இயேசு' என்றும் அழைத்தார்கள்.

சட்டமும் கடுமையாக இருந்தது. 1917-இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பிற சபை வழிபாட்டில் கத்தோலிக்கர் பங்கெடுக்கக் கூடாது என்றது. கல்யாணம், சாவு போன்றவற்றுக்குத் தக்க காரணம் இருந்தால் மரியாதைக்குப் போய் நிற்கலாம், அவ்வளவுதான். எங்கள் பாட்டி சி.எஸ்.ஐ. சொந்தக்காரர் சாவுக்குப் போனால் வீட்டில் அழுதுவிட்டு, ஆராதனை நடக்கும்போது கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார்களாம். உள்ளே போனால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டும் என்று பயம். கலப்புச் சபைத் திருமணம் என்றால் பிள்ளைகள் எல்லாரையும் கத்தோலிக்கராக வளர்ப்போம் என்று இரு தரப்பும் உறுதி கொடுக்கவேண்டும். அப்போதும் திருமணம் பீடத்துக்கு முன்னால் நடக்காது. கோயிலுக்கு வெளியே, பெரும்பாலும் ஒட்டியிருக்கும் அறையில் நடக்கும். 1928-இல் பதினோராம் பயஸ் பாப்பரசர், ஒன்றிப்புக் கூட்டங்களுக்குக் கத்தோலிக்கர் போகக் கூடாது என்றே சுற்றுமடல் எழுதினார்.

இவ்வளவு கடுமையிலும் ஒன்றை மட்டும் திருச்சபை சொல்லவில்லை. அதைத்தான் அந்தப் பெரியவர் கவனிக்கவேண்டும். மற்ற சபையார் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று அது சொல்லவில்லை.

இது மிகப் பழைய முடிவு. கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலேயே இந்தச் சண்டை வந்துவிட்டது. பிரிந்துபோனவர்கள் கொடுத்த ஞானஸ்நானம் வெறும் தண்ணீர், திரும்பக் கொடுக்கவேண்டும் என்றார் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான். திரும்பக் கொடுக்கக் கூடாது என்றார் ரோமின் ஸ்தேவான் பாப்பரசர். ரோமின் நிலைதான் நின்றது. லூத்தரை எதிர்த்துக் கூடிய திரிதெந்து பொதுச்சங்கமும் 1547-இல், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால், திருச்சபை செய்கிறதைச் செய்யும் எண்ணத்தோடு கொடுக்கப்பட்டால், அதைக் கொடுத்தவர் பதிதராக இருந்தாலும் அது மெய்யான ஞானஸ்நானமே என்று உறுதி செய்தது. சண்டை உச்சத்தில் இருந்தபோதே சொன்னது இது! ஞானஸ்நானம் கொடுப்பவரின் சொத்து இல்லை, கிறிஸ்துவின் செயல் என்பதே அடிப்படை.

பிறகு ஏன் "மறுபடி ஞானஸ்நானம்" என்ற பேச்சு நம் ஊரில் வந்தது? முன்பு வேறு சபையிலிருந்து ஒருவர் வந்தால், முறையாகக் கொடுத்தார்களோ இல்லையோ என்ற சந்தேகத்தின்பேரில், 'முன்பு பெறாதிருந்தால்' என்ற நிபந்தனையோடு சாமியார் மீண்டும் தண்ணீர் ஊற்றுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. பார்த்த ஜனங்களுக்கு நிபந்தனை காதில் விழவில்லை, தண்ணீர் மட்டும் கண்ணில் பட்டது. "அவங்களுது செல்லாது" என்று வீட்டுக்கு வீடு பதிந்துவிட்டது. அந்தப் பெரியவர் சொன்னது திருச்சபையின் போதனை இல்லை. அந்த வழக்கத்தின் மிச்சம்.

மாற்றம் 1960-களில் வந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் பிற சபைகளின் பார்வையாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள். 1964 நவம்பர் 21 அன்று வெளிவந்த ஒன்றிப்பு பற்றிய ஏடு, முறையாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் கத்தோலிக்கத் திருச்சபையோடு, நிறைவாக இல்லாவிட்டாலும், உண்மையான உறவில் இருக்கிறார்கள் என்றது. அவர்களுக்குக் கிறிஸ்தவர் என்ற பெயர் உரிமையானது, அவர்களைக் கத்தோலிக்கர் சகோதரராக ஏற்கவேண்டும் என்றது. பிரிவுக்கு இரு பக்கமும் காரணம் என்றும் ஒப்புக்கொண்டது. 'பதிதர்' போய்ப் 'பிரிந்த சகோதரர்' வந்தது.

தமிழ்நாட்டில் அதன் பெரிய பலன் 1995-இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு. இரு பக்கத்து அறிஞர்களும் சேர்ந்து உட்கார்ந்து செய்தது. அதில் கத்தோலிக்கர் தங்கள் சின்னப்பரையும் அருளப்பரையும் விட்டுக்கொடுத்தார்கள். இன்று ஆர்.சி. கோயிலில் வாசகம் பவுல் பெயரிலும் யோவான் பெயரிலும்தான் வாசிக்கப்படுகிறது. சி.எஸ்.ஐ. கோயில்களில் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பே இன்னும் ஒலிக்கிறது. காதுக்குப் பழகியதை விடுவது யாருக்கும் எளிதில்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. தீராததையும் சொல்லவேண்டும். 1896-இல் பதின்மூன்றாம் லியோ பாப்பரசர் ஆங்கிலிகன் குருப்பட்டம் செல்லாது என்று அறிவித்தார். அது இன்னும் திரும்பப் பெறப்படவில்லை. அதனால் சி.எஸ்.ஐ. அன்பர் ஒருவர் நம் பூசையில் சாதாரணமாக நற்கருணை வாங்க முடியாது, நாமும் அவர்கள் திருவிருந்தில் பங்கெடுக்க முடியாது. 2000-இல் ரோமிலிருந்து வந்த ஓர் ஏடு, இத்தகைய சமூகங்கள் முழுப் பொருளில் 'திருச்சபைகள்' அல்ல என்று எழுதியது. அது பலரைப் புண்படுத்தியது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் ஆர்த்தடாக்ஸ் சபையாரின் குருப்பட்டத்தையும் நற்கருணையையும் கத்தோலிக்கம் ஏற்கிறது. எனவே எல்லாச் சபையும் ஒரே தூரத்தில் இல்லை.

பெந்தெகொஸ்தே சபைகளோடு இருக்கும் சிக்கல் நேர்மாறானது. மூவொரு கடவுள் பெயரால் அவர்கள் கொடுக்கும் முழுக்கை நாம் ஏற்கிறோம். அவர்களில் பலர் நாம் குழந்தையில் பெற்றதை ஏற்பதில்லை, மறுபடி முழுக்கு எடு என்கிறார்கள். அப்போது நமக்கு வலிக்கிறதல்லவா? அதே வலியைத்தான் அந்தப் பெரியவர் என் மாணவிக்குக் கொடுத்தார்.

இப்போது நடைமுறை. கல்யாணம் பேசுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஐ. பெண்ணுக்கு மறுபடி ஞானஸ்நானம் தேவையில்லை, கொடுக்கவும் கூடாது. அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழ் போதும். ஆயரின் அனுமதி வேண்டும், அதைப் பங்குச்சாமியார் வழியாக வாங்கலாம். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு மட்டும் வாக்குக் கொடுக்கவேண்டும். மற்றவருக்கு அதைத் தெரிவித்தால் போதும், அவர் எதிலும் கையெழுத்துப் போடவேண்டியதில்லை. 1970-இல் ஆறாம் பவுல் பாப்பரசர் செய்த மாற்றம் இது. தக்க காரணம் இருந்தால், ஆயரின் விலக்கு பெற்று, சி.எஸ்.ஐ. கோயிலிலேயே திருமணம் நடத்தலாம். காலையில் ஒரு கோயில், மாலையில் ஒரு கோயில் என்று இரண்டு தடவை வாக்குக் கொடுப்பது மட்டும் கூடாது.

கடைசியாக ஒன்று. சிலருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். நம் ஊர்களில் சபை மாறிய கல்யாணம் எத்தனையோ நடந்திருக்கிறது, சாதி ஒன்றாக இருந்தால். ஒரே சபை, ஒரே பீடம், சாதி வேறு என்றால் அப்போது வேதம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. "நம்ம கோயில்ல ஞானஸ்நானம்" என்று சட்டம் பேசுகிறவர்கள், ஞானஸ்நானம் எல்லாரையும் ஒரே குடும்பமாக்குகிறது என்ற பாதியை விட்டுவிடுகிறார்கள். கத்தோலிக்கர் மற்றக் கிறிஸ்தவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கு ஏட்டில் பதில் எழுதி அறுபது ஆண்டாகிறது. வீட்டில் அதை எழுதவேண்டியது நாம்தான்.

இந்தப் பதிவை அந்தப் பெரியவரிடம் யாராவது மரியாதையோடு வாசித்துக் காட்டினால் மகிழ்வேன். கல்யாணம் பேசும் வீடுகளுக்கும் அனுப்பிவையுங்கள்.

எல்லாரும் நலமாயிருங்கள்.
அன்புடன், உங்கள் டீச்சர்.