ஷட்டருக்குள் இருக்கும் எடை

ஏற்காட்டு வீட்டின் கார் ஷெட்டில் போன மழைக்காலத்தில், விடியற்காலையில் ஒரு சத்தம். பட்டாசு என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிட்டேன். எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கப் போனால் அரை அடிக்கு மேல் வரவில்லை. வழக்கமாக ஒரு கையால் மேலே போகிற ஷட்டர் அது. மூன்று ஸ்பிரிங்கில் ஒன்று உடைந்திருந்தது. கார் உள்ளே, நான் வெளியே, மதியம் சேலத்தில் இருக்க வேண்டும்.

இன்ஜினியரிங் படித்தவனுக்கு இந்த மாதிரி நேரத்தில் வரும் முதல் யோசனை ஆபத்தானது. "இதுல என்ன இருக்கு, நாமே பண்ணிடலாம்." மென்பொருள் எழுதிப் பழகிய கைக்கு இன்னும் தைரியம் அதிகம். எங்கள் தொழிலில் தப்பு செய்தால் முந்தைய வடிவத்துக்குத் திரும்பிவிடலாம். யூடியூபைத் திறந்தேன். வந்ததெல்லாம் அமெரிக்கக் கதவுகள். 1921-ல் சி. ஜி. ஜான்சன் என்பவர் மேல்நோக்கித் திறக்கும் கராஜ் கதவைக் கொண்டுவந்தார். 1926-ல் அதற்கு மின்சாரத் திறப்பானும் வந்தது. நான்கைந்து அகலமான பலகைகள் தண்டவாளத்தில் ஏறிக் கூரைக்கடியில் படுத்துக்கொள்ளும் கதவு அது. நம் ஊர் ஷட்டர் வேறு வம்சம். குறுகிய இரும்புப் பட்டைகள் ஒன்றோடொன்று கோத்து ஒரு குழாயைச் சுற்றிச் சுருளும். 1830களில் லண்டனில் பன்னெட் என்பவர் கடைகளுக்காகச் செய்த இரும்புச் சுருள் கதவு இதன் பாட்டன். அதைக் கைப்பிடி சுழற்றி ஏற்ற வேண்டியிருந்தது. கதவின் எடையைத் தானே தாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் பிறகு வந்து சேர்ந்தது.

அதற்கு முன் நம் கடைவீதிகளில் இருந்தவை பலகைக் கதவுகள். ஒவ்வொரு பலகையிலும் பெயின்ட்டில் எண் இருக்கும். வரிசை மாற்றிப் போட்டால் கடைசிப் பலகை நுழையாது. என் தாத்தா கடையில் ஏழாம் நம்பர் பலகை மட்டும் கனம் என்பார்கள். அதைத் தூக்க ஒரு தனி ஆள். இங்கே மலை மேல் பழைய எஸ்டேட் பங்களாக்களில் வண்டிக் கொட்டகைக்கு மரத்தில் இரட்டைக் கதவும் நீளமான பட்டைக் கீல்களும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியை இங்கே கொண்டுவந்த பிறகு எழுந்த வீடுகளின் பாணி அது. கீல் தொங்கினால் தச்சர் வந்து ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துச் சரிசெய்துவிட்டுப் போவார். கனமான கதவு கனமாகவே தெரியும். ஏமாற்று எதுவும் இல்லை.

ஷட்டர் ஏமாற்றுகிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பில் இதன் உடற்கூறு முழுவதும் இருக்கிறது: 80 மில்லிமீட்டர் அகலம், 1.25 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புப் பட்டைகள். 50 மில்லிமீட்டர் குழாய். அதன்மேல் சுழலும் வார்ப்பிரும்புக் கப்பிகள். கப்பியையும் குழாயையும் இணைக்கும், முன்கூட்டியே முறுக்கிய 27.5 சென்டிமீட்டர் ஸ்பிரிங்குகள். ஷட்டர் கீழே வரும்போது ஸ்பிரிங் மேலும் முறுக்கிக்கொள்கிறது. மேலே போகும்போது அந்த முறுக்கைத் திருப்பித் தருகிறது. நாம் ஒரு கையால் தூக்குவதாக நினைத்துக்கொள்கிறோம்.

எங்கள் ஷட்டர் 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பட்டைகளின் வளைவையும் சேர்த்தால் சுமார் 90 கிலோ. மூடியிருக்கும்போது அதன் எடைமையம் தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டரில். முழுதாகச் சுருண்டால் இரண்டரை மீட்டரில். வித்தியாசத்தைப் பெருக்கினால் ஏறக்குறைய 1100 ஜூல். ஒரு சிமெண்ட் மூட்டை இரண்டேகால் மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற சக்தி. மூடிய ஷட்டருக்குப் பின்னால், தலைக்கு மேலே, தகரப் பெட்டிக்குள் அது அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கணக்குக்குப் பிறகு வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். தூக்குவது வெறும் எடை. கண்ணுக்குத் தெரிகிற விஷயம். பக்கத்து எஸ்டேட் ஆட்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு, நான்கு பேருமாகத் தூக்கி, இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்துக் காரை வெளியே எடுத்தோம். ஸ்பிரிங்கைத் தொடுவதில்லை என்று முடிவு. சேலத்தில் ஒரு ஷட்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"ஹெல்பர் கூலியோட சேத்து 2500 ஆகும்ங்க சார். மலைக்கு மேல வரணுமில்லீங்க."

நான் பேசி 1800-க்கு முடித்தேன். அன்றைக்கு அது சாமர்த்தியமாகத்தான் பட்டது.

வெளியே எட்டிக்கொண்டிருந்த உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முறிந்த முகத்தில் ஒரு ஓரம் மட்டும் பழுப்பு. மீதி புதுசாகப் பளபளவென்று. விரிசல் எப்போதோ அந்த ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு திறப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், அன்றைக்குத்தான் முடிந்திருக்கிறது. 1842 மே மாதம் பாரிஸ் அருகே வெர்சாய் ரயில் இப்படித்தான் கவிழ்ந்தது. இன்ஜினின் அச்சு உடைந்து, தீப்பிடித்து, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதிகச் சுமை இல்லாமலே நல்ல இரும்பு ஏன் உடைகிறது என்ற கேள்விக்கு ஜெர்மன் பொறியாளர் ஆகஸ்ட் வூலர் ரயில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிப் பதில் தேடினார். 1850களின் இறுதியிலிருந்து 1870 வரை அவர் வெளியிட்டவைதான் உலோகச் சோர்வு என்ற பாடத்தின் அடித்தளம். அமெரிக்காவில் சாதாரண கராஜ் ஸ்பிரிங்குக்கு 10,000 தடவை என்று ஆயுள் சொல்வார்கள். தினம் நான்கு முறை என்றால் ஏழு வருடம். எங்கள் ஷட்டர் பதினான்கு வருடமாக வாரக் கடைசியில் மட்டும் திறந்தது, 10,000-க்குப் பக்கத்தில்கூட வந்திருக்காது. இங்கே 1500 மீட்டர் உயரத்தில் மாதக்கணக்கில் மூடுபனி. துரு ஒரு சின்னக் குழி தோண்டினால் போதும், விரிசலுக்கு ஆரம்பம் கிடைத்துவிடும். எண்ணெய் போடாதது என் குற்றம்.

ஸ்பிரிங் எஃகுக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில், 1740களில், பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற ஆங்கிலேயக் கடிகாரக்காரர் நல்ல கடிகார ஸ்பிரிங் கிடைக்காத எரிச்சலில்தான் மூசையில் எஃகை உருக்கக் கற்றுக்கொண்டார். ஷெஃபீல்டு நகரம் அதில்தான் பெரிதானது. ஆனால் உள்ளூர் இரும்பு சரிப்படாமல் ஸ்வீடனிலிருந்து விலையுயர்ந்த இரும்பை வரவழைத்தார்கள். அங்கேதான் நம் ஆள் வருகிறார்: ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர். சேலத்தில் கம்பெனியின் வணிக அதிகாரியாக இருந்தவர். சேலம் பகுதியின் இரும்புத் தாதுவை நம்பி 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். லேடீஸ் சீட்டில் தெளிவான நாளில் நின்றால் சேலத்துக்கு அப்பால் தெரிகிற கஞ்சமலை அந்தத் தாதுவுக்குப் பேர்போனது. ஆலை கடைசிவரை லாபம் காணவில்லை. மரக்கரிக்காக அழிந்த காடு மட்டும் மிச்சம்.

ஹீத் இங்கிலாந்துக்குத் திரும்பி, எஃகில் மாங்கனீசைக் கார்பனோடு சேர்த்துப் போடும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். மலிவான இரும்பிலும் நல்ல எஃகு வந்தது. ஷெஃபீல்டு முதலாளிகள் முறையை எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம் மாற்றிச் செய்கிறோம் என்று சொல்லிப் பணத்தைக் கொடுக்கவில்லை. வழக்குப் போட்டே மனிதர் ஓய்ந்துபோனார். இன்றைய ஸ்பிரிங் கம்பியிலும் மாங்கனீசு இருக்கிறது. செய்தவனுக்குக் கூலி குறைத்த கதையை நான் அன்றிரவு சுவாரசியமாகப் படித்துக்கொண்டிருந்தேன், உறைக்கவில்லை.

மறுநாள் மெக்கானிக், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி பஸ்ஸில் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. சாக்குப் பையில் மூன்று புது ஸ்பிரிங், இரண்டு பைப் ரெஞ்சு. தனியாக.

"ஹெல்பர் வரலீங்களாண்ணா?"

"நீங்க சொன்ன ரேட்டுக்கு அவனுக்கு எங்கீங்க சார் குடுக்கறது? நீங்களே கொஞ்சம் புடிச்சுக்கிட்டா ஆச்சு. ஒண்ணும் ஆவாது."

பிடிக்க வேண்டியது இதுதான். ஷட்டரை முழுதாக மேலே ஏற்றிக் கயிற்றால் கட்டிவிட வேண்டும். சுவர் பிராக்கெட்டில் குழாயை இறுக்கியிருக்கும் கிளாம்பைக் கழற்ற வேண்டும். கழன்றதும் மிச்சமிருக்கிற முறுக்கெல்லாம் குழாயைச் சுழற்றப் பார்க்கும். ஒருவர் ரெஞ்சால் பிடித்திருக்க, இன்னொருவர் அடுத்த ரெஞ்சை மாட்டி, கால் சுற்றுக் கால் சுற்றாக விட வேண்டும். புது ஸ்பிரிங் போட்டபின் அதே மாதிரி முறுக்க வேண்டும். கையில் தெரிவது பத்துப் பதினைந்து கிலோதான் என்று அவரே சொன்னார். நழுவினால்தான் அந்த இரண்டடி ரெஞ்சு முகத்தின் உயரத்தில் சுற்றும்.

ஆபத்தான வேலையை நாம் செய்ய வேண்டாம் என்று நான் எடுத்த முடிவு, அதை இவர் ஏணிமேல் ஒற்றை ஆளாகச் செய்யட்டும் என்பதாக மாறியிருந்தது. 700 ரூபாய்க்கு நான் வெட்டியது அந்த இரண்டாவது ஜோடிக் கையை. ரெஞ்சை நான் பிடித்திருக்கலாம். ஆனால் நழுவ விடுகிறவன் நானாக இருந்தால் அடி படுவது எதிரே நிற்கிற அவருக்கு. பழகாத கை ஆள் இல்லாததைவிட மோசம்.

"அவரையே வரச் சொல்லிடுங்கண்ணா. முதல்ல நீங்க கேட்டதே தந்துடறேன், பஸ் காசு தனி."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். மதிய பஸ்ஸில் ஒரு பையன் வந்து இறங்கினான். அதுவரை நாங்கள் டீ குடித்துக்கொண்டு ஏரிப் பக்கம் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஷட்டர் வேலைக்குப் பதினாறு வயதில் வந்ததாகச் சொன்னார். முதல் இரண்டு வருடம் ரெஞ்சைப் பிடிக்கிற வேலை மட்டும்தானாம்.

வேலை நாற்பது நிமிஷம். என்னை கேட் ஓரமாக, குழாயின் முனைக்கு நேராக, ரெஞ்சு சுற்றும் வாக்குக்கு வெளியே நிற்க வைத்தார்கள். பையன் பிடிக்க, அவர் சத்தமாக எண்ணிக்கொண்டே முறுக்கினார். மூன்றரைச் சுற்று. கிளாம்பை இறுக்கியதும் சாக்பீஸால் பிராக்கெட்டின் உள்பக்கம் '3½' என்றும் தேதியும் எழுதினார்.

"எதுக்குண்ணா?"

"அடுத்து வர்றவனுக்குத் தெரியணுமில்லீங்க."

கயிற்றை அவிழ்த்தார்கள். பாதியில் நிறுத்திக் கையை எடுத்தார். ஷட்டர் அங்கேயே நின்றது. சாயங்கால பஸ்ஸுக்கு இரண்டு பேரையும் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து ஷெட்டை மூடினேன்.