அலங்கார ஒளியமைப்பு

அலங்கார ஒளியமைப்பு: விளக்கின் வடிவம், ஒளியின் திசை, செறிவு, நிறம் ஆகியவற்றால் ஓர் உள்ளறையின் தோற்றத்தை வகுக்கும் வடிவமைப்புத் துறை. சரவிளக்கு, தொங்குவிளக்கு, சுவர்விளக்கு, கூரை விளிம்பில் மறைக்கும் எல்இடி பட்டை ஆகியன இதன் கருவிகள். அமெரிக்க வடிவமைப்பாளர் ரிச்சர்ட் கெல்லி 1950-களில் ஒளியை மூன்றாகப் பகுத்தார்: அறையெங்கும் பரவும் பொதுவொளி, ஒரு பொருளின்மேல் விழும் குவியொளி, கண்ணைக் கவரும் மினுக்கொளி. இப்பகுப்பு இன்றும் வழக்கில் உள்ளது.

ஏறத்தாழ 2,700 கெல்வின் நிறவெப்பநிலை கொண்ட மஞ்சள் ஒளியில் தேக்கும் பித்தளையும் செழுமையாகத் தெரியும். 6,500 கெல்வின் வெண்ணொளியில் வெளிறும். சுவர்மேல் பரவும் ஒளி சிற்றறையை அகலமாக்கிக் காட்டும்; மேல்நோக்கிய ஒளி தாழ்ந்த கூரையை உயர்த்திக் காட்டும். சென்னை அடுக்ககங்களில் பரவலாகக் காணப்படும், கூடத்துக்கு ஒற்றை வெள்ளை விளக்கு என்னும் ஏற்பாடு நிழலை அழித்து அறையைத் தட்டையாக்குகிறது. இது திருத்தப்பட வேண்டிய வழக்கம்.

சென்னை ராயப்பேட்டையில் இக்கலையின் இருவேறு காலங்கள் அருகருகே உள்ளன. 1798-இல் எழுந்து, 1876 முதல் ஆற்காடு இளவரசர் குடும்பத்தின் இல்லமாக விளங்கும் அமீர் மகாலின் தர்பார் மண்டபம் சரவிளக்கு மரபைச் சேர்ந்தது. 2010-இல் திறக்கப்பட்ட எக்ஸ்பிரஸ் அவென்யூ வணிக வளாகம், கடைக்குக் கடை வேறுபடும் குவியொளிக்கு எடுத்துக்காட்டு.

வெண்ணிற எல்இடி விளக்குக்கு வழிவகுத்த நீல எல்இடி கண்டுபிடிப்புக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 2015-இல் தொடங்கிய நடுவண் அரசின் உஜாலா திட்டம் இந்தியாவில் எல்இடி விலையைக் குறைத்து, இவ்விளக்குகளை நடுத்தர வீடுகளுக்கும் கொண்டுசேர்த்தது.