பதினைந்து சிறுமியரும் ஒரு சிற்றூர்க் குருவும்

பள்ளி ஒன்றில் பதினைந்து சிறுமியர் உள்ளனர். நாள்தோறும் அவர்கள் மூவர் மூவராக, ஐந்து வரிசைகளில் உலாவச் செல்கின்றனர். ஏழு நாள்களும் இவ்வாறு செல்ல வேண்டும். ஆனால் எந்த இருவரும் ஒரே வரிசையில் இருமுறை சேரலாகாது. எவ்வாறு அணிவகுப்பது?

1850ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த 'லேடீஸ் அண்டு ஜென்டில்மன்ஸ் டைரி' என்னும் ஆண்டு மலரில் இப்புதிர் இடம்பெற்றது. பொழுதுபோக்கிற்கான வினா என்றே பலரும் எண்ணினர். ஒவ்வொரு சிறுமிக்கும் தோழியர் பதினால்வர். நாளொன்றுக்கு இருவர் வீதம் ஏழு நாள்களில் பதினால்வர். கணக்கு இம்மியும் மிச்சமின்றிப் பொருந்துகிறது. ஆனால் கணக்குப் பொருந்துவது வேறு, அணிவகுப்பு அமைவது வேறு. தாளும் எழுதுகோலும் கொண்டு முயன்று பார்ப்பவர்கள் நான்காம் நாளிலோ ஐந்தாம் நாளிலோ திகைத்து நின்றுவிடுவர்.

இதைத் தொடுத்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். லங்காஷயர் மாவட்டத்தில் குரோஃப்ட் என்னும் சிற்றூரின் பங்குக் குரு, தாமஸ் பெனிங்டன் கர்க்மன். அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சார்ந்தவர். நம் கத்தோலிக்கத் திருச்சபையினர் அல்லர். எனினும் பங்குத்தளத்தின் அமைதியையும் தனிமையையும் அறிந்த எந்தக் குருவுக்கும் அவருடைய வரலாறு அயலாகத் தோன்றாது.

1806இல் போல்ட்டன் நகரில் ஒரு பஞ்சு வணிகரின் மகனாகப் பிறந்தவர் அவர். பதினான்காம் வயதிலேயே தந்தை அவரைப் பள்ளியினின்று நிறுத்தித் தம் அலுவலகத்தில் அமர்த்தினார். ஒன்பது ஆண்டுகள் அங்கே உழைத்தபின், தந்தையின் விருப்பத்தை மீறி டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்குச் சென்றார். பிறருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தம் செலவைத் தாமே ஈட்டிப் பட்டம் பெற்றார். குருவானபின் குரோஃப்ட் பங்கை ஏற்று, அங்கேயே 52 ஆண்டுகள் பணியாற்றினார். பங்கு சிறியது, வருவாயும் பெரிதன்று. ஆனால் ஓய்வு இருந்தது. அந்த ஓய்வைக் கணிதத்திற்கு ஈந்தார். அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை அச்சேறியபோது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது.

அம்முதற் கட்டுரையே அரிய கட்டுரை. பொருள்கள் பலவற்றை மும்மூன்றாகச் சேர்க்க வேண்டும். எந்த இரண்டை எடுத்தாலும் அவை ஒரே ஒரு மும்மையில் மட்டும் சேர்ந்திருக்க வேண்டும். எத்தனை பொருள்களுக்கு இது இயலும்? பொருள்களின் எண்ணிக்கையை ஆறால் வகுத்தால் மீதி ஒன்று அல்லது மூன்று வரும்போது இயலும், மற்ற எண்களுக்கு இயலாது என்று 1847இல் கர்க்மன் காட்டினார். ஏழு பொருள்களை வைத்துப் பாருங்கள்: 1-2-3, 1-4-5, 1-6-7, 2-4-6, 2-5-7, 3-4-7, 3-5-6. ஏழு மும்மைகள், இருபத்தோர் இணைகள், ஒவ்வோர் இணையும் சரியாக ஒருமுறை. சேர்க்கைகளின் ஒழுங்கை ஆராயும் இத்துறையைச் சேர்மானவியல் என்கிறோம்.

ஆறாண்டுகள் கழித்து, 1853இல், பெர்லினில் புகழுடன் விளங்கிய யாக்கோப் ஸ்டைனர் இதே வினாவை எழுப்பினார். கர்க்மன் விடை கண்டிருந்ததை அவர் அறிந்திலர். வேறொருவர் 1859இல் விடை எழுதினார். உலகம் இவ்வமைப்புக்கு 'ஸ்டைனர் மும்மைத் தொகுதி' என்று பெயர் சூட்டியது. வினாவை எழுப்புமுன்பே விடை தந்தவரின் பெயர் மறைந்தது.

இது ஒருமுறை மட்டும் நிகழ்ந்ததன்று. புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கோட்டுருவியல், கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றி 1735இல் ஆய்லர் அளித்த விடையில் தோன்றியது. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே முறை கடந்துவர இயலுமா என்பது அங்கு வினா. இயலாது என்பது விடை. கர்க்மன் வேறொரு வினாவை எழுப்பினார். பல முகங்கள் கொண்ட ஒரு திண்மத்தின் விளிம்புகள் வழியே நடந்து, எல்லா முனைகளையும் ஒவ்வொரு முறை மட்டும் தொட்டுப் புறப்பட்ட இடத்திற்கே திரும்ப இயலுமா? 1855இல் இதைப் பற்றி அரச கழகத்திற்குக் கட்டுரை அனுப்பினார். இயலாத திண்மம் ஒன்றுக்குத் தேனடையின் அறையைக் குறுக்கே வெட்டிய வடிவத்தையே சான்றாகக் காட்டினார். அடுத்த ஆண்டு அயர்லாந்தின் ஹாமில்டன் பன்னிரு முகத் திண்மத்தைக் கொண்டு இத்தகைய விளையாட்டொன்றை அமைத்தார். இன்று பாடநூல்களில் அச்சுற்றுவழிக்குப் பெயர் 'ஹாமில்டன் சுற்று'.

கர்க்மன் இவற்றையெல்லாம் புன்னகையோடு ஏற்றுக்கொண்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் வரலாறு அவ்வாறு இல்லை. அவர் காயமுற்றார், கசப்புடனும் ஏளனத்துடனும் எழுதினார். 1857இல் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. எனினும் பன்முகத் திண்மங்களைப் பற்றிய அவருடைய நீண்ட ஆய்வின் பெரும் பகுதி அச்சேறவே இல்லை. தாழ்ச்சியின் முன்மாதிரியாக அவரைக் காட்ட இயலாது. ஆனால் அவர் ஒன்றைச் செய்யவில்லை: உழைப்பை நிறுத்தவில்லை.

எண்பதை நெருங்கும் வயதில் முடிச்சுகளைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அணுக்கள் என்பவை ஈதரில் எழும் சுழல் முடிச்சுகளாக இருக்கலாம் என்று கெல்வின் 1867இல் கருதினார். அதனால் உந்தப்பட்ட எடின்பர்க் பேராசிரியர் டெய்ட், எத்தனை வகை முடிச்சுகள் உண்டு என்று பட்டியலிட முயன்றார். அப்பட்டியலை விரிவாக்க உதவியவர் முதிய கர்க்மன். பின்னர் ஈதர்க் கொள்கை வீழ்ந்தது. அணுக்கள் முடிச்சுகள் அல்ல என்று தெளிவாயிற்று. பட்டியல் பயனற்றதென்றே தோன்றியது. 1895இல் கர்க்மன் மறைந்தார்.

ஆனால் அவர் விதைத்த நிலத்தில் மெல்ல முளை தோன்றியது.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பயிர் வகைகளை ஒப்பிட்டனர். நிலம் எங்கும் ஒரே வளமுடையதன்று. ஆகையால் அருகருகே விளைந்தவற்றை ஒப்பிடுவதே நேர்மையான ஒப்பீடு. ஏழு வகைகள் உள்ளன. ஒரே சீரான நிலத்துண்டிலோ மூன்றுக்கே இடமுண்டு. என் செய்வது? மேலே கண்ட ஏழு மும்மைகளை ஏழு நிலத்துண்டுகளாகக் கொண்டால், எந்த இரு வகைகளும் ஒருமுறை அண்டை அயலாக வளரும். எந்த வகைக்கும் ஓரவஞ்சனை நேராது. இத்தகைய அமைப்புகளை 1936இல் யேட்ஸ் அறிமுகம் செய்தார். அவற்றை ஆக்கும் வழிகளை 1939இல் விரிவாக வகுத்தவர், கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். சி. போஸ். அவ்வழியில் எழுந்த திட்டங்கள் பின்னர் மருந்துச் சோதனைகளிலும் பயன்பட்டன.

1950இல் அமெரிக்கரான ஹாமிங், செய்தி செல்லும் வழியில் ஓர் இலக்கம் பிழைபட்டாலும் பெறுபவரே அதைத் திருத்திக்கொள்ளும் குறியீட்டை வெளியிட்டார். நான்கு இலக்கச் செய்திக்கு மூன்று காவல் இலக்கங்கள், ஆக ஏழு. அக்குறியீட்டின் உள்ளே பொதிந்திருப்பவை அதே ஏழு மும்மைகளே. 1960இல் போஸும் அவருடைய மாணவர் ராய்-சௌதுரியும் மேலும் வலிய திருத்தக் குறியீடுகளைக் கண்டனர். அதே ராய்-சௌதுரி வில்சன் என்பாருடன் சேர்ந்து, சிறுமியர் புதிரைப் பதினைந்துக்கு மட்டுமன்றி, ஆறால் வகுத்தால் மூன்று மீதி வரும் எல்லா எண்களுக்கும் தீர்த்து 1971இல் வெளியிட்டார்.

முடிச்சுப் பட்டியலும் வீணாகவில்லை. 1980களில், உயிரணுவின் டி.என்.ஏ. இழைகள் நொதிகளின் செயலால் முடிச்சிட்டுக்கொள்வதை மின்னணு நுண்ணோக்கியில் கண்டவர்கள், எந்த முடிச்சு எதுவென்று அறியப் பழைய பட்டியல்களிடமே வந்தனர். அணுவுக்கென்று தொகுத்தது உயிருக்கு உதவிற்று.

'உழைப்பு வீண்போகாது' என்று கூறி இங்கே முடித்துவிடலாம். ஆனால் இன்னொருவரின் கதையையும் சொல்லியாக வேண்டும். சீனாவின் உள் மங்கோலியாவில் பாவ்டோ நகரில் லூ ஜியாசி என்னும் பள்ளி ஆசிரியர் இருந்தார். 1960களிலேயே கர்க்மன் புதிரை முழுமையாகத் தீர்த்து ஏடுகளுக்கு அனுப்பினார்; அவை ஏற்கவில்லை. வேறு இருவர் 1971இல் அதனை வெளியிட்டுவிட்டதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தார். மனமுடையாமல் அதனினும் கடினமானதொரு வினாவைத் தொட்டுப் பெரும்பகுதி தீர்த்தார். அதன் புகழ் பரவத் தொடங்கிய 1983இல், 48ஆம் வயதில், உயிர் நீத்தார். அவருக்குரிய விருது அவருடைய மறைவுக்குப் பின்னரே வந்தது.

ஆகவே காலம் எல்லாவற்றையும் நேர்செய்துவிடும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாகாது. உழைத்தவருக்குரிய பெயரை உழைத்தவருக்கே அளிப்பது காலத்தின் கடமையன்று, மனிதரின் கடமை. அதில் நாம் தவறியிருக்கிறோம். நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் பங்குகளிலும் அன்றாடம் தவறிக்கொண்டிருக்கிறோம். ஆலயத்தைப் பெருக்குபவர், பாடற்குழுவிற்குத் தாள்களைப் படியெடுத்துத் தருபவர், மறைக்கல்விக்குப் பிள்ளைகளை வீடு வீடாகச் சென்று அழைத்து வருபவர்: இவர்களின் பெயர்கள் விழா மலரில் இடம்பெறுகின்றனவா?

பயன் வேறு, பெயர் வேறு என்பதைக் கர்க்மனின் வாழ்வு காட்டுகிறது. பயன் யாரையும் கேளாமல், தான் வேண்டிய வயலில் விளைகிறது; குரோஃப்ட் பங்கு இல்லத்தின் மேசையில் எழுதியது கல்கத்தாவிலும் பாவ்டோவிலும் துளிர்த்தது. பெயரோ நாம் நினைந்து வழங்கினாலன்றி வருவதில்லை. அடுத்த முறை பதினைந்து சிறுமியர் மூவர் மூவராகச் செல்லக் கண்டால், அந்த முதிய குருவை ஒரு கணம் நினைந்துகொள்வோம். பிறகு, நம் அருகே பெயரின்றி உழைப்பவர் யாரெனத் திரும்பிப் பார்ப்போம்.