எல்லைக்கு அப்பால் ஒரு பேராசிரியை

1956இல் மாநில எல்லை வகுத்தபோது சித்தூரும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. பள்ளியில் மலையாளம், அலுவலில் ஆங்கிலம், அடுப்பங்கரையில் மட்டும் தமிழ் என வாழும் நாம் ஹெப்சிபா ஜேசுதாசனை (1925–2012) எண்ணிப் பார்த்தல் தகும். பர்மாவில் பிறந்தவர், திருவனந்தபுரத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். தமிழ்ப் பேராசிரியரான கணவருடன் இணைந்து, 1961இல் தமிழிலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். நாவலுக்கோ தமிழையே கைக்கொண்டார். அதுவும் தென்திருவிதாங்கூர்ப் பனைவிளைகளில் வழங்கிய பேச்சுத் தமிழை!

1964இல் வெளிவந்த 'புத்தம் வீடு' நாவலில், பருவமெய்திய லிஸியின் படிப்பு நிறுத்தப்பட்டு, அவள் வீட்டுக்குள் அடைபடுகிறாள். பனையேறி தங்கராஜை அவள் விரும்ப, நொடித்துப்போன குடும்பத்தின் பழம்பெருமை குறுக்கே நிற்கிறது. 'இது செந்தமிழன்று' என முகஞ்சுளிப்போர் நம்மிடையேயும் உண்டு. பாலக்காட்டுத் தமிழையும் மூணாற்றுத் தேயிலைத் தோட்டத் தமிழையும் தாழ்வென்று கருதுவோரும் அவர்களே. அன்னார் லிஸியின் வீட்டுப் பேச்சை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும்.