நூருன்னிஸா: வாய்மையும் அமானிதமும்

இசைக் கலைஞர் வேடத்தில் பகைவர் நாட்டினுள் புகும் ஒற்றரைப் பற்றிய மர்ம நாவல்களை நாம் படித்திருக்கிறோம். அங்கே இசை ஒரு முகமூடி. வரலாற்றிலோ, ஒற்றுப் பணிக்காகத் தம் இசையையே மறைத்துக்கொண்ட பெண்மணி ஒருவரைக் காண்கிறோம். அவர் நூருன்னிஸா இனாயத் கான்.

1914 ஜனவரி முதல் நாளில் மாஸ்கோவில் பிறந்தவர் அவர். தந்தையார் ஹஸ்ரத் இனாயத் கான், பரோடாவைச் சேர்ந்த வீணை வித்தகர். சூஃபி நெறியை மேலை நாடுகளுக்கு எடுத்துச் சென்றவர். திப்பு சுல்தானின் மரபினர் என்பது அக்குடும்பத்தாரின் வழிவழிக் கூற்று. பாரிஸ் அருகே வளர்ந்த நூர், ஹார்ப் இசையும் பியானோவும் பயின்றார். ஜாதகக் கதைகளைச் சிறுவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதி 1939இல் நூலாக வெளியிட்டார்.

1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபோது இங்கிலாந்து சென்று, வான்படை மகளிர் பிரிவில் கம்பியில்லாத் தந்தி பயின்றார். பின்னர் பிரிட்டனின் இரகசியப் போர் அமைப்பு அவரைத் தேர்ந்தெடுத்தது. இரட்டை வேடம் போடத் தமக்கு விருப்பமில்லை என்று பயிற்சியின்போதே அவர் கூறியது பதிவாகியுள்ளது. வாய்மையைத் தந்தையாரிடம் கற்ற அவருக்குப் பொய்ப்பெயரே கவசமாயிற்று. 1943 ஜூனில், குழந்தைகளைப் பேணும் தாதி என்னும் வேடத்தில் பிரான்ஸில் இறங்கினார்.

சில நாட்களிலேயே பாரிஸ் தோழர்கள் பலர் பிடிபட்டனர். திரும்பிவருமாறு லண்டன் அழைத்தும் அவர் மறுத்தார். இடம் மாறி மாறிச் செய்தி அனுப்பிவந்தவர், அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டுக் கைதானார்.

அவரிடமும் பிழை இருந்தது. அனுப்பிய செய்திகளின் நகல்களை அவர் ஏட்டில் வைத்திருந்தார். அவற்றைக் கொண்டு அவர் பெயரால் ஜெர்மானியர் லண்டனை ஏமாற்றினர். அதனால் வேறு ஒற்றர்களும் சிக்கினர். இதனை மறைத்துப் புகழுரைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஆயினும், விசாரணையில் அவரிடமிருந்து இரகசியம் எதனையும் பெற இயலவில்லை என்று பாரிஸிலிருந்த ஜெர்மானிய உளவுத் தலைவரே போருக்குப்பின் ஒப்புக்கொண்டார். தப்பிக்க முயன்ற அவர், ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் சுமார் 10 மாதங்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தார். 1944 செப்டம்பர் 13 அன்று தாகாவ் முகாமில் கொல்லப்பட்டார். வயது 30. பிரிட்டன் 1949இல் ஜார்ஜ் சிலுவை விருதை அவருக்கு வழங்கியது.

பொய்யுரைக்கக் கூசியவர் எங்ஙனம் ஒற்றரானார் என வியப்போர் உண்டு. நாம் அதில் முரண் காணவில்லை. நம்பி ஒப்படைக்கப்பட்டதை உயிருள்ளவரை காப்பதே அமானிதம். வேடம் கலைந்த பின்னரும் அவரிடம் எஞ்சி நின்றது அதுவே.