ஓய்வூதியம்: அருளா, உரிமையா?

இளைப்பாறும் ஆசிரியருக்குப் பிரிவுபசார விழா எடுக்கின்றோம். மாலை சூட்டி வாழ்த்துப்பா வாசிக்கின்றோம். அதே பாடசாலை வளவைக் கூட்டிப் பெருக்கியவர் நாட்கூலிக்காரராயின், அவர் வேலைவிட்டு நின்ற நாளை நம்மிற் பலர் அறியோம். இருவரும் உழைத்தே முதுமையுற்றனர். எனினும், ஒருவருக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் உண்டு, மற்றவருக்கு இல்லை. இவ்வேறுபாட்டை வகுத்தது உழைப்பின் அளவன்று, சட்டத்தின் வரைவிலக்கணமே. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

இங்கிலாந்தின் 1834 ஆம் ஆண்டுச் சட்டம், கடந்த சேவைக்காக ஓய்வூதியம் கோரும் முழு உரிமை எவருக்கும் இல்லை என்றது. 1859 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பெறத்தக்கோர் யாவர் என வரையறுத்தது. முடியினால் நேரே நியமிக்கப்பட்டவராகவோ, குடிசார் சேவை ஆணையாளரின் சான்றிதழ் பெற்றவராகவோ இருத்தல் வேண்டும். சம்பளம் அரச நிதியிலிருந்து வருதல் வேண்டும். பத்தாண்டுச் சேவையேனும் நிறைதல் வேண்டும். நாட்கூலிக்கு அமர்த்தப்பட்டோர் இவ்வேலிக்கு வெளியே நின்றனர்.

இலங்கையின் 1901 ஆம் ஆண்டு ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு இம்மரபின் வழிவந்ததே. ஓய்வூதியம் முழு உரிமையன்று என்னும் கூற்றை அதன் விதிகளிலும் காண்கின்றோம். நிரந்தரமானதும் ஓய்வூதியத்துக்குரியதுமான பதவியே அதன் வாயிற்கதவு. வேலிக்குள்ளேயும் சமத்துவம் நிலவவில்லை. ஆண் உத்தியோகத்தரின் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் 1898 இலேயே நிதியம் அமைந்தது. பெண் உத்தியோகத்தரின் குடும்பத்துக்கு அத்தகைய ஏற்பாடு 1983 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டத்தினாலேயே கிட்டியது. இடையிற் கழிந்தவை எண்பத்தைந்து ஆண்டுகள்.

ஓய்வூதியமற்ற அரச ஊழியருக்கென 1942 இல் அரசாங்க சேவைச் சேமலாப நிதியும், தனியார்துறை, கூட்டுத்தாபன ஊழியருக்கென 1958 இல் ஊழியர் சேமலாப நிதியும் தோன்றின. இவை தொழிலாளருக்குக் கிடைத்த நன்மைகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சேமலாபம் ஒருமுறை கைக்கு வந்து செலவாகிவிடுவது. ஓய்வூதியமோ உயிருள்ளவரை தொடர்வது.

மலையகம் இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்த்துகின்றது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் செல்லும்வரை அரசே முதலாளி. எனினும் கொழுந்து பறித்தோர் அரச ஊழியராகக் கணிக்கப்படவில்லை. அவர்களுக்கு வாய்த்தது சேமலாப நிதியே.

உள்ளே இருந்தோரும் வெளியே தள்ளப்படலாம் என்பதை 1980 ஆம் ஆண்டு யூலை காட்டியது. மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கோரி வேலைநிறுத்தஞ் செய்தோரில் ஏறத்தாழ 40,000 பேர் பதவியை வெறிதாக்கியவராகக் கொள்ளப்பட்டனர். பதவி வெறிதாயின் ஓய்வூதியத்துக்குரிய சேவையும் வெறிதாகும். அவ்வாறு, பல்லாண்டு உழைப்பு ஒரு நிருவாக ஆணையால் இல்லாததாயிற்று.

ஓய்வூதியம் பிற்போடப்பட்ட ஊதியமே என்பது தொழிற்சங்கங்களின் நெடுங்கால வாதம். அவ்வாதம் உண்மையாயின், வளவு கூட்டியவரும் கொழுந்து பறித்தவரும் அதற்கு உரியவரே. நமது ஓய்வூதியத்தைக் காக்கச் சங்கத்திற் குரலெழுப்பும் நாம் அவர்களுக்காகவும் குரலெழுப்புதல் வேண்டும். தவறினால், நாம் காத்து நிற்பது ஆட்சியாளர் தந்த சலுகையை மட்டுமே.